"ஒரே கிளிக்ல செனட்டருக்கு லெட்டர்" சர்வீஸ்: ரெண்டு நாமினேஷனுக்கு யூஸ் பண்ணிட்டு எழுதற ரிவ்யூ

மொதல்ல அந்த பதில் மெயில் கதைய சொல்லிடறேன், சர்வீஸ் எப்படின்னு அதுலயே பாதி புரிஞ்சிடும். 2018 நவம்பர், தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின வாரம், லஞ்ச் டைம்ல போன நோண்டிட்டு இருக்கேன், எங்க ஸ்டேட்டோட ரெண்டு அமெரிக்க செனட்டர்ல ஒருத்தர் ஆபீஸ்லேருந்து மெயில். தொறந்தா, சுப்ரீம் கோர்ட்டுக்கு ஜட்ஜ் பிரெட் கவனாவோட நியமனத்துக்கு நீங்க ஆதரவு தெரிவிச்சதுக்கு நன்றி, உங்க கருத்து எனக்கு ரொம்ப முக்கியம்னு ஆரம்பிக்குது. ரெடிமேட் லெட்டர நம்ம பேர்ல அனுப்பி வைக்கற இந்த சர்வீஸ் வழியா நான் அனுப்பினது எதிர்ப்பு லெட்டர்ங்க. அதுவும் அந்த கவனா அக்டோபர் 6ம் தேதி செனட்ல 50க்கு 48னு தேறி, அன்னிக்கு சாயங்காலமே பதவிப் பிரமாணமும் எடுத்து, சுப்ரீம் கோர்ட்ல கேஸ் கேட்டுட்டு இருக்கார், அதுக்கு ஒரு மாசத்துக்கு மேல கழிச்சு வருது இந்த நன்றி. எங்க வீட்டுக்காரர் கிட்ட காமிச்சேன், "பரவால்ல, செனட்டரே உன்ன தன் ஆளுன்னு நெனச்சிட்டார், ஏதாவது காரியம் ஆகணும்னா கேட்டுக்கோ"ன்னு சொல்லி ஒரு வாரம் ஓட்டினார்.

சரி நான் அனுப்பினதுல என்னதான் இருந்துச்சுன்னு பாக்கலாம்னா, சர்வீஸ் எனக்கு காப்பியே அனுப்பல. "உங்க கடிதம் போய்ச் சேந்தாச்சு"ன்னு ஒரு வரி, கீழ நன்கொடை பட்டன். அவ்ளோதான். அப்பறம் ஃப்ரெண்டு ஒருத்தி அதே டெம்ப்ளேட்ட ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சிருந்தா, அவகிட்ட வாங்கிப் பாத்தேன். நாலு பத்தி. முதல் பத்தி சுப்ரீம் கோர்ட் எவ்ளோ முக்கியம்னு, ரெண்டாவது பத்தி செனட் எவ்ளோ முக்கியம்னு, மூணாவது பத்தி ஜனநாயகம் எவ்ளோ முக்கியம்னு, நாலாவது பத்தியோட கடைசி வரியில தான் 'எதிர்த்து ஓட்டு போடுங்க'ன்னே வருது. சப்ஜெக்ட் லைன் "கவனா நாமினேஷன் குறித்து". ஆதரவா எதிர்ப்பான்னு அதுல இல்ல. அந்த வாரம் அந்த ஆபீஸ்ல மெயில் மலையா குவிஞ்சிருக்கும், அத பிரிக்க உக்காந்திருந்த சின்னப் பையனோ பொண்ணோ முதல் பத்திய பாத்துட்டு தப்பான கூடையில போட்டிருந்தா அவங்க மேல எனக்குக் கோவமே இல்ல. நானா இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பேன்.

சர்வீஸ் பேர சொல்லப் போறதில்ல. இதே மாதிரி ரெண்டு கட்சிக்கும் நெறைய இருக்கு, எல்லாம் ஒரே அச்சுல வார்த்தது தான். ஸ்டேட் பேரும் சொல்லல, சொன்னா எந்த செனட்டர்னு கண்டுபிடிச்சிடுவீங்க, ஒரு தப்பு மெயிலுக்காக யார் மானத்தயும் வாங்க வேணாம்.

நம்ம மக்கள்ல நெறைய பேர் சிட்டிசன் ஆகி பத்து வருஷம் ஆனாலும் இதுல எல்லாம் தலையிடறதில்ல, அதனால ரெண்டு வரி பின்னணி. இங்க அமெரிக்காவுல சுப்ரீம் கோர்ட்டுக்கு ஆள ஜனாதிபதி பேர் சொல்வார், நாடாளுமன்றத்தோட மேல்சபையான செனட் சம்மதிக்கணும், இது அரசியல் சாசனத்தோட 2வது ஆர்ட்டிகிள்லயே இருக்கு. மொத்தம் 9 சீட், 1869லேருந்து அதே 9 தான், போய் உக்காந்தா ஆயுசு பூரா. முன்னெல்லாம் விவாதத்த முடிக்கவே 60 ஓட்டு வேணும், 2017 ஏப்ரல்ல நீல் கோர்சச்னு ஒரு ஜட்ஜோட நாமினேஷன் வந்தப்ப அந்த விதிய மாத்திட்டாங்க, இப்ப பாதிக்கு மேல ஒண்ணு இருந்தா போதும். அதாவது ரெண்டு செனட்டர் மனசு மாறினா ஆட்டமே மாறும். நம்ம ஊர்ல நீதிபதிகள நீதிபதிகளே கொலீஜியத்துல உக்காந்து தேர்ந்தெடுக்கறாங்க, எம்பிக்கு லெட்டர் போட்டு பிரயோஜனமே கிடையாது, இங்க அந்தக் கதவு தொறந்திருக்கு, நாம தான் உள்ள எட்டிப் பாக்கறதில்ல.

இப்ப சர்வீஸுக்கு வரேன். நல்லத மொதல்ல சொல்லிடணும். ஜிப் கோட் போட்டா நம்ம ரெண்டு செனட்டர் யாருன்னு கரெக்டா காட்டுது, இது சின்ன விஷயம்னு நெனைக்காதீங்க, எனக்கு 2018ல ஒருத்தர் பேர் தான் தெரியும், இன்னொருத்தர் பேர் தெரியாமலே ரெண்டு எலெக்‌ஷன் ஓட்டு போட்டிருக்கேன். ரெண்டாவது, ரிமைண்டர். செனட்டோட நீதித்துறைக் கமிட்டி விசாரணை எந்த தேதி, கமிட்டி ஓட்டு எப்ப, முழு செனட் ஓட்டு எப்பன்னு மெசேஜ் வந்துட்டே இருக்கும், வேலைக்குப் போறவங்களுக்கு இது நெஜமாவே உதவி. மூணாவது, செனட்டரோட சொந்த வெப்சைட் ஃபார்ம் இருக்கே, அதுல மிஸ்டரா மிஸஸான்னு சொல்லாம அடுத்த கட்டத்துக்குப் போக விடாது, டாபிக் லிஸ்ட்ல விவசாயம், ராணுவம், தபால் துறைன்னு எல்லாம் இருக்கும், நமக்கு வேண்டியது 'நீதித்துறை'யில இருக்கா 'மற்றவை'யில இருக்கான்னு தேடணும், கடைசில டிராஃபிக் லைட் படத்த எல்லாம் கிளிக் பண்ணி நான் மனுஷன் தான்னு நிரூபிக்கணும். இந்த அவஸ்தைய எல்லாம் சர்வீஸ் ஏத்துக்குது.

ஆனா குறை லிஸ்ட் பெருசு. எங்க ஹவுஸ் (கீழ்சபை) மெம்பருக்கும் அதே லெட்டர அனுப்பி வெச்சிருக்கு. நீதிபதி நியமனத்துல ஹவுஸுக்கு ஒரு ஓட்டும் கிடையாது! பாவம் அந்த மனுஷன் ஆபீஸ்லேருந்து தான் முதல் பதில் வந்துச்சு, இது செனட் விஷயம், உங்க செனட்டருக்கு எழுதுங்கன்னு மரியாதையா. மூணு பேர்ல உருப்படியா பதில் போட்டது சம்பந்தமே இல்லாத அந்த ஆள் தான். அப்பறம் நன்கொடை பக்கம். 25 டாலர்னு முன்னாடியே தேர்வு பண்ணி வெச்சிருக்கு, அதுக்குக் கீழ பொடி எழுத்துல 'மாசாமாசம்'னு ஒரு டிக், அதுவும் ஏற்கனவே போட்டது. நான் கவனிச்சு எடுத்தேன், என் ஃப்ரெண்டு கவனிக்கல, பிப்ரவரி வரைக்கும் கார்டுல போயிட்டே இருந்துச்சு. போன் நம்பர் கட்டாயம்னு கேட்டு வாங்கி, அப்பறம் எனக்கு ஓட்டே இல்லாத ஸ்டேட்ல நிக்கற வேட்பாளர் எல்லாம் "ஹாய், நான் தான்"னு டெக்ஸ்ட் அனுப்ப ஆரம்பிச்சாங்க. சொந்தமா எழுத ஒரு பெட்டி இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா அது மடிச்சு வெச்சிருக்கும், 'திருத்த இங்க தட்டவும்'னு சாம்பல் கலர்ல ஒரு லிங்க். அனுப்பு பட்டன் மட்டும் செவப்பு கலர்ல பஸ் சைஸுக்கு. அவங்களுக்கு வேண்டியது கணக்கு. இத்தனை லட்சம் பேர் அனுப்பினாங்கன்னு சொல்லணும், அதுக்கு நாம ஒரு கிளிக்.

அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா இது ஏன் பெரிய குறைன்னு புரியும். செனட்டர் ஆபீஸ்ல மெயில பாக்கறது பெரும்பாலும் இன்டர்ன், இல்ல காலேஜ் முடிச்சு இப்பதான் வேலைக்குச் சேந்தவங்க. ஒரே வாசகத்துல வர்ற லெட்டரெல்லாம் சாஃப்ட்வேரே கட்டா கட்டிடும், கட்டுக்கு ஒரு நம்பர், கட்டுக்கு ஒரு ரெடிமேட் பதில். ஆயிரம் பேர் ஒரே லெட்டர் அனுப்பினா அது ஒரு லெட்டர், பக்கத்துல ஆயிரம்னு ஒரு எண். அது வேஸ்ட்டுன்னு சொல்ல மாட்டேன், அந்த எண்ணும் மேல போகும், ஆனா யாரும் உக்காந்து படிக்க மாட்டாங்க. கட்டுல சேராத லெட்டர் தான் ஒருத்தர் கண்ணுல பட்டு, படிச்சு, இத எங்க வைக்கறதுன்னு யோசிக்க வைக்கும். நாலு வரி போதும். ஆனா அந்த நாலு வரி உங்களோடதா இருக்கணும்.

என்ன எழுதறதுன்னு கேப்பீங்க. இங்க தான் நான் என்னையே திட்டிக்கணும். 2018ல எனக்கு கவனா மேல கோவம் இருந்துச்சு, ஆனா அவர் தீர்ப்பு ஒண்ணு கூட படிச்சதில்ல. இது கோவத்துக்கு மட்டும் இல்ல, பாசத்துக்கும் தான். 2016ல சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் ஸ்காலியா செத்தப்ப, திருநெல்வேலிப் பக்கம் பூர்வீகமா இருக்கற ஸ்ரீ ஸ்ரீனிவாசன் பேர் சுப்ரீம் கோர்ட் ஷார்ட் லிஸ்ட்ல அடிபட்டுச்சு இல்ல, 2013ல டி.சி. சர்க்யூட்னு சொல்ற வாஷிங்டன் அப்பீல் கோர்ட்டுக்கு 97-0ன்னு தேறினவர், எங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரே கொண்டாட்டம், நூறு மெசேஜ், அதுல அவர் எந்தக் கேஸ்ல என்ன எழுதினார்னு ஒருத்தருக்கும் தெரியாது, எனக்கும் சேத்து. கடைசில மெரிக் கார்லண்ட்னு வேற ஒரு ஜட்ஜ் பேர் வந்து, அவருக்கு ஒரு விசாரணை கூட வைக்காம மாசக்கணக்குல காக்க வெச்சு அனுப்பினாங்க, அது தனி வயித்தெரிச்சல்.

ஓட்டு முடிஞ்சப்பறம் தான் ஒரு நாள் உக்காந்து தேடினேன். தேடினா என்ன கெடைக்குதுன்னா, 2014ல ஒரு வழக்கு. ஒரு பிரேசில் ஸ்டீக் ரெஸ்டாரண்ட் செயின், அவங்க ஊர் முறையில கறி சுடற சமையல்காரங்கள எல்1பி விசாவுல ('ஸ்பெஷலைஸ்டு நாலெட்ஜ்', அதாவது தனித் திறமை இருக்கற தன் ஆள கம்பெனி இங்க மாத்திக்கற விசா) கூட்டிட்டு வரணும், கவர்மென்ட் முடியாதுன்னுடுச்சு, டி.சி. சர்க்யூட்ல ரெண்டு ஜட்ஜ் ரெஸ்டாரண்ட் பக்கம் சாஞ்சு திரும்ப பரிசீலிக்கச் சொன்னாங்க, மூணாவது ஜட்ஜ் கவனா, மறுப்புத் தீர்ப்பு. பொறந்து வளந்த ஊர்ல ரத்தத்துல ஊறினது எல்லாம் 'ஸ்பெஷலைஸ்டு நாலெட்ஜ்' ஆகாது, இங்க இருக்கற சமையல்காரங்களுக்குச் சொல்லிக் குடுத்தா அவங்களும் கத்துப்பாங்கங்கறது அவர் வாதம். நான் எல்1பியில வந்தவ! 'உனக்கு என்ன ஸ்பெஷலைஸ்டு நாலெட்ஜ், எழுதிக் குடு'ன்னு கேட்டு கம்பெனி வக்கீல் மூணு வாரம் என் உயிர வாங்கினாங்க. இத அன்னிக்கே படிச்சிருந்தா என் லெட்டர் எப்படி இருந்திருக்கும்? "நான் எல்1பியில வந்து இப்ப உங்க ஸ்டேட்ல வரி கட்டற சிட்டிசன், 2014 வழக்குல இவர் இப்படி எழுதினார், அதனால எதிர்க்கிறேன்." எந்த டெம்ப்ளேட்லயும் இது வராது, எந்தக் கட்டுலயும் சேராது. (அவர் வாதத்துல நியாயமே இல்லன்னு சொல்ல வரல, இங்க பொறந்த ஒரு சமையல்காரர் இத வெச்சே ஆதரவு லெட்டர் எழுதலாம். எழுதட்டுமே.)

இன்னொண்ணும் கெடைச்சுது. 2009ல மினசோட்டா லா ரிவ்யூவுல அவர் ஒரு கட்டுரை எழுதியிருக்கார், பதவியில இருக்கற ஜனாதிபதி மேல வழக்கு, கிரிமினல் விசாரணை எல்லாம் பதவி முடியற வரைக்கும் தள்ளிப் போடற மாதிரி காங்கிரஸ், அதாவது இங்கத்த நாடாளுமன்றம், சட்டம் கொண்டு வரலாம்னு. 2024 ஜூலை 1ம் தேதி ஜனாதிபதிக்கு கிரிமினல் வழக்குலேருந்து பாதுகாப்பு உண்டுன்னு 6-3ன்னு தீர்ப்பு வந்துச்சே, அந்த ஆறுல இவரும் ஒருத்தர். அந்தக் கட்டுரையும் இந்தத் தீர்ப்பும் ஒண்ணு இல்ல, கட்டுரை சட்டம் போடச் சொன்னது, தீர்ப்பு சாசனத்துலயே இருக்குன்னுது. ஆனாலும் ஒரு ஆள் எந்தப் பக்கம் சாய்வார்னு நாமினேஷனுக்கு ஒம்பது வருஷம் முன்னாடியே எழுதி வெச்சிருந்தார், நானும் போய்ப் படிச்சிருக்கலாம். டெம்ப்ளேட்ல ஜனநாயகம் பத்தி ஒரு முழு பத்தி இருந்துச்சு, இது ஒரு வரி கூட இல்ல.

எழுதி என்ன ஆகப் போகுது, கட்சி சொன்ன மாதிரி தானே ஓட்டு போடுவாங்கன்னு சொல்றவங்களுக்கு ரெண்டு உதாரணம் வெச்சிருக்கேன். 1930ல ஜனாதிபதி ஹூவர் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஜான் பார்க்கர்னு ஒருத்தர நிறுத்தினார். அந்த ஆள் பத்து வருஷம் முன்னாடி வட கரோலினா கவர்னர் எலெக்‌ஷன்ல நின்னப்ப கறுப்பர்கள் அரசியலுக்கு வரக் கூடாதுங்கற மாதிரி பேசியிருந்தார், கறுப்பர் உரிமைக்காகப் போராடற என்ஏஏசிபி சங்கம் அந்தப் பேச்ச தோண்டி எடுத்து ஊர் ஊரா மக்கள செனட்டருக்கு எழுத வெச்சுது, தந்தி அடிக்க வெச்சுது, இன்னொரு பக்கம் தொழிற்சங்கங்களும் சேந்துக்கிச்சு. முடிவு 39க்கு 41, தோத்தார். ரெண்டே ஓட்டு. கவனிங்க, தோண்டி எடுத்தது ஒரு பேச்சு, ஒரு ஆதாரம். 1987ல சுப்ரீம் கோர்ட்டுக்கு நிறுத்தின ராபர்ட் போர்க் கதையும் அப்படித்தான், அவர் எழுதினது பேசினது எல்லாம் எடுத்து வெச்சு ஜூலைலேருந்து அக்டோபர் வரைக்கும் விடாம எழுதித் தள்ளினாங்க, 42-58ன்னு போச்சு, ஒருத்தர இப்படி எதிர்த்துக் கவுக்கறதுக்கு அவர் பேரே இங்கிலீஷ்ல வினைச்சொல் ஆயிடுச்சு. அந்த சீட்டுக்கு அப்பறமா வந்த அந்தோணி கென்னடி 97-0. எழுதினவங்க ஜெயிச்சது எப்பவாவது தான், ஒத்துக்கறேன், ஆனா ஜெயிச்ச இந்த ரெண்டு தடவையும் 'இவர் இத சொன்னார், இத எழுதினார்'னு கையில வெச்சிருந்தாங்க.

மிரட்டினா வேலைக்கு ஆகாது. 2018ல மெய்ன் ஸ்டேட் செனட்டர் சூசன் காலின்ஸ் ஆபீசுக்கு கோட் ஹேங்கர பார்சல் பார்சலா அனுப்பினாங்க, கருக்கலைப்பு சட்டவிரோதமா இருந்தப்ப பொண்ணுங்க அந்தக் கம்பியால தாங்களே கருவக் கலைச்சுக்கிட்ட காலத்த ஞாபகப்படுத்தறாங்களாம். அவங்க அக்டோபர் 5ம் தேதி முக்கா மணி நேரம் பேசிட்டு ஆதரவுன்னுட்டாங்க. ஆனா அதுக்கு ஒரு வாரம் முன்னாடி ரெண்டு பொண்ணுங்க அரிசோனா செனட்டர் ஜெஃப் ஃப்ளேக்க லிஃப்ட் வாசல்ல நிறுத்தி, தங்களுக்கு நடந்த பாலியல் கொடுமைய அவர் மூஞ்சப் பாத்து சொன்னாங்க, டிவியில லைவா போச்சு, அன்னிக்கே அவர், கவனா மேல வந்திருந்த பாலியல் புகார எஃப்பிஐ ஒரு வாரம் விசாரிக்கட்டும்னு கேட்டு ஓட்டு தள்ளிப் போச்சு. கடைசில அவரும் ஆதரவு தான் போட்டார், சரி, ஆனா ஒரு வாரம் வாஷிங்டனே நின்னுது. (அந்த 50-48ல ஒரு வேடிக்கை. மொன்டானா செனட்டர் பொண்ணு கல்யாணம் அன்னிக்கு, அவர் ஓட்டு ஆதரவு, எதிர்ப்பா இருந்த அலாஸ்காவோட லிசா முர்கவ்ஸ்கி அவருக்காக தன் ஓட்ட ஆதரவும் இல்லாத எதிர்ப்பும் இல்லாத 'ப்ரெசென்ட்'னு மாத்தி சமன் பண்ணிட்டாங்க. கல்யாணத்துக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கறதுல மட்டும் அவங்களும் நாமளும் ஒண்ணு.)

போன் பத்தியும் சொல்லணும், ஏன்னா சர்வீஸ விட இது நூறு மடங்கு மேல், காசும் இல்ல. கேப்பிடல் (நாடாளுமன்றக் கட்டடம்) சுவிட்ச்போர்டு 202-224-3121, எந்த செனட்டர் ஆபீஸ் வேணும்னு சொன்னா கனெக்ட் பண்ணுவாங்க. நான் பண்ணப்ப ஒரு பையன் எடுத்தான், பேர் கேட்டான், என் பேர டி ஃபார் டேவிட்னு ஒவ்வொரு எழுத்தா ஸ்பெல் பண்ணி முடிக்கவே ஒரு நிமிஷம், ஜிப் கோட் கேட்டான், சப்போர்ட்டா அப்போஸான்னு கேட்டான். அப்போஸ்னேன். காரணம் சொல்லணுமான்னு கேட்டேன், "ஷ்யூர் மேம்"னான், நான் மனப்பாடம் பண்ணி வெச்ச ரெண்டு வரிய சொன்னேன், கீபோர்டு சத்தம் கேட்டுச்சு. டைப் பண்றான்! அந்தச் சத்தத்துல வந்த திருப்தி செவப்பு பட்டன்ல வரல. பிஸியான வாரத்துல வாய்ஸ்மெயில் நெறஞ்சு கெடக்கும், அப்ப ஸ்டேட்ல இருக்கற அவங்க லோக்கல் ஆபீஸுக்குப் பண்ணுங்க, அங்க மனுஷங்க எடுப்பாங்க.

தபால்ல ஒரு விஷயம் நம்மள்ல பல பேருக்குத் தெரியாது. 2001ல ஆந்த்ராக்ஸ் பவுடர் போட்ட லெட்டர் ரெண்டு செனட்டருக்கு வந்துச்சு, டாம் டாஷல், பேட்ரிக் லேஹி. அதுல லேஹி தான் அப்ப இந்த நாமினேஷன் எல்லாம் விசாரிக்கற நீதித்துறைக் கமிட்டி தலைவர். அதுலேருந்து கேப்பிடலுக்குப் போற தபாலெல்லாம் வேற இடத்துக்குப் போய் சோதனை ஆகி, கதிர்வீச்சு எல்லாம் காட்டி தான் ஆபீஸுக்கு வருது, நாள் கணக்குல ஆகும், சமயத்துல வாரக் கணக்குல. 2018ல ஜூலை 9ம் தேதி பேர் சொல்லி அக்டோபர்ல ஓட்டு, தபாலுக்கு நேரம் இருந்துச்சு. 2020ல ஏமி கோனி பேரட் பேர செப்டம்பர் 26ம் தேதி சொன்னாங்க, அக்டோபர் 26ம் தேதி 52-48ன்னு ஓட்டே முடிஞ்சுது. சரியா ஒரு மாசம். வாஷிங்டன் அட்ரஸுக்கு தபால் போட்டவங்க லெட்டர்ல பாதி அந்தம்மா பதவி ஏத்தப்பறம் தான் போயிருக்கும். அதனால எழுதணும்னா பேர் வெளிய வந்த முதல் வாரத்துலயே, கமிட்டி விசாரணை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எழுதுங்க, ஸ்டேட் ஆபீஸ் அட்ரஸுக்குப் போடுங்க. ஃபேக்ஸ் சர்வீஸும் இருக்கு, ஒரு தடவ பண்ணேன், போச்சான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல, விடுங்க.

கிரீன் கார்டு, எச்1பில இருக்கறவங்க நமக்கு எதுக்கு வம்புன்னு ஒதுங்குவீங்க. அரசுகிட்ட முறையிடற உரிமை அரசியல் சாசனத்தோட முதல் திருத்தத்துல 'மக்களுக்கு'ன்னு தான் இருக்கு, 'சிட்டிசனுக்கு'ன்னு இல்ல. ஓட்டு இருக்குன்னு மட்டும் பொய் சொல்லாதீங்க, இந்த ஸ்டேட்ல குடியிருக்கேன்னு எழுதுங்க. சிட்டிசன் ஆனவங்களுக்குத் தான் சாக்கே கிடையாது. ரெண்டு செனட்டர்ல ஒருத்தர் ஏற்கனவே நம்ம பக்கம்னாலும் அவருக்கும் போடுங்க, எங்க ஸ்டேட்ல இத்தன பேர் எழுதினாங்கன்னு சபையில சொல்றதுக்கு அவருக்கும் கையில ஏதாவது வேணும்ல.

ஸ்டார் கேட்டா, சர்வீஸுக்கு 5க்கு 2. ஒண்ணு ரிமைண்டருக்கு, ஒண்ணு ஜிப் கோடுக்கு. தனி மெயில் ஐடி போட்டு சேருங்க, நன்கொடை டிக்க எடுங்க, அந்த சாம்பல் லிங்க தட்டி டெம்ப்ளேட் மொத்தத்தயும் அழிச்சிட்டு, முதல் வரியிலயே 'எதிர்த்து ஓட்டு போடுங்க'ன்னு ஆரம்பிங்க. இல்லன்னா என்ன மாதிரி நன்றி கடிதம் வரும்.

2020ல நான் இப்படித்தான் பண்ணேன், ஆனா அந்த வருஷம் என்ன தோக்கடிச்சது எங்க பக்கத்து வீட்டு ஆன்ட்டி. ரிட்டயர்டு நர்ஸ், எழுபது தாண்டியாச்சு, கம்ப்யூட்டர்னாலே "எனக்கு வேணாம்மா அந்த வம்பு". அவங்க பையனுக்கு ஒம்பது வயசுலேருந்து சுகர், டைப் 1, ஒபாமாகேர்னு சொல்ற ஹெல்த் இன்சூரன்ஸ் சட்டம் வந்ததால தான் சொந்தமா இன்சூரன்ஸ் வாங்க முடிஞ்சுது. அந்தச் சட்டத்த எதிர்த்த வழக்கு நவம்பர் 10ம் தேதி சுப்ரீம் கோர்ட்டுக்கு வருதுன்னு டிவியில பாத்துட்டு, கோடு போட்ட பேப்பர் ஒண்ணு எடுத்து நர்ஸ் சார்ட் எழுதற அழகான கையெழுத்துல ஆறு வரி. பையன் வயசு, ஊசி எத்தன, 2014க்கு முன்னாடி எத்தன கம்பெனி முடியாதுன்னுச்சு, தயவு செஞ்சு இந்த நாமினிக்கு ஓட்டு போடாதீங்க. 55 சென்ட் ஸ்டாம்ப், ஸ்டேட் ஆபீஸ் அட்ரஸ். அட்ரஸ் மட்டும் நான் தேடிக் குடுத்தேன். ஒரு வாரத்துக்குள்ள போன் வருது, செனட்டர் ஆபீஸ்லேருந்து, ஒரு பொண்ணு, லெட்டர் படிச்சேன், உங்க பையன் இப்ப எப்படி இருக்கார்னு. இருபது நிமிஷம் பேசியிருக்காங்க. எனக்கு ரெண்டு வருஷம் முன்னாடி தப்பு நன்றி அனுப்பின அதே ஆபீஸ்!

அந்த செனட்டர் ஆதரவு தான் போட்டார். அதுக்கு மேல ஒரு திருப்பம், 2021 ஜூன்ல அந்த வழக்கு 7-2ன்னு தள்ளுபடி ஆச்சு, ஒபாமாகேர் தப்பிச்சுது, அந்த ஏழுல பேரட்டும் இருந்தாங்க. ஆன்ட்டி வேலி ஓரமா வந்து, "ஏம்மா, நான் பயந்தது நடக்கலல்ல, அந்தப் பொண்ணப் பத்தி தப்பா எழுதிட்டேனோ?"ன்னு கேட்டாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. அடுத்த வருஷம் ஜூன் 24ம் தேதி கருக்கலைப்ப உரிமையாக்கின ரோ வெர்சஸ் வேட் தீர்ப்ப ரத்து பண்ண அஞ்சு பேர்ல அந்தம்மாவும் இருந்தாங்க, கவனாவும் இருந்தார். அன்னிக்கு சாயங்காலம் ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன், நாப்பது வருஷம் ஆஸ்பத்திரியில வேலை பாத்தவங்க, டிவிய ஆஃப் பண்ணிட்டு சும்மா உக்காந்திருந்தாங்க. "நான் சுகர் பத்தி மட்டும் எழுதிட்டேன் பாரு, பிரசவ வார்டுல பாத்தது எல்லாம் எழுதியிருக்கணும்"னாங்க.

போன வாரம் வத்தக்குழம்பு குடுக்கப் போனப்ப சாமி அலமாரி டிராயர தொறந்து காமிச்சாங்க, ஃபாரெவர் ஸ்டாம்ப் ஒரு ஷீட், இருபது, வெல ஏறினாலும் செல்லும்ல, அதனால இப்பவே வாங்கி வெச்சிருக்காங்களாம். பக்கத்துலயே கோடு போட்ட பேப்பர் ஒரு கட்டு. "அடுத்தது யாரு நிக்கறாங்கன்னு தெரிஞ்ச ஒடனே சொல்லு, இந்தத் தடவ அவங்க தீர்ப்ப எல்லாம் படிச்சுச் சொல்றது உன் வேல"ன்னாங்க.